ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9000 லிட்டர் காற்று

மாசி மாதம் எங்கள் ஊரான நாமகிரிப்பேட்டைப் பக்கம் வந்தால் களம் களமாக மஞ்சள் காய்வதைப் பார்க்கலாம். கொப்பரையில் வேகவைத்து, நாள்கணக்கில் வெயிலில் உலர்த்திய மஞ்சளைக் கடைசியாக இரும்பு டிரம்மில் போட்டு மெருகேற்றுவார்கள். டிரம்மைச் சுற்றுவது பெரும்பாலும் டிராக்டர்தான். காலி டிரம் சுற்றும்போது டிராக்டர் அலட்டிக்கொள்ளாமல் ஓடும். புகை போவதே தெரியாது. மூட்டை மூட்டையாக மஞ்சளைக் கொட்டி, டிரம்மின் கதவை மூடிச் சுற்றவிட்ட மறுநொடி எஞ்சினின் குரல் கம்மும். புகைக்குழாயிலிருந்து குபுக்கென்று கரும்புகை எழும். சற்று நேரத்தில் எஞ்சின் சமாளித்துக்கொள்ளும், புகை அடங்கும், டிரம் உருளும்.

அந்த ஒரு குபுக்கில்தான் எஞ்சின் விஞ்ஞானத்தின் பாதி இருக்கிறது. சுமை ஏறியதும் எஞ்சினின் வேகம் குறைகிறது. உடனே வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் என்ற பாகம் விழித்துக்கொண்டு டீசலைக் கூட்டிவிடுகிறது. டீசல் வந்துவிட்டது, அதை முழுக்க எரிக்கும் அளவுக்குக் காற்று வரவில்லை. எரியாமல் மிஞ்சிய கரிதான் கரும்புகையாகப் போகிறது. எரிபொருளைக் கூட்டுவது எளிது. ஒரு திருகைத் திருப்பினால் போதும். காற்றைக் கூட்டுவதுதான் பாடு. பந்தயக் காருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் எஞ்சினை ட்யூன் செய்கிறவர்கள் நூறாண்டுக்கு மேலாகச் செய்துவரும் வேலை, சுருக்கமாகச் சொன்னால், இந்தக் காற்றை உள்ளே கொண்டுவரும் வேலைதான்.

கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். பெட்ரோல் மிச்சமின்றி எரிய, எடைக் கணக்கில் அதைப்போல் 14.7 மடங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதற்கு ஏறத்தாழ 11 கிலோ காற்று தேவை. நம் ஊர் வெயிலில் ஒரு கன மீட்டர் காற்று 1.15 கிலோ அளவுக்குத்தான் தேறும். ஆக, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9000 லிட்டருக்கும் மேல் காற்று. பத்தடிக்குப் பத்தடி அறை, உயரமும் பத்தடி என்று வைத்துக்கொண்டால், அதிலுள்ள காற்று முழுவதும் மூன்று லிட்டர் பெட்ரோலோடு தீர்ந்துவிடும். 1.2 லிட்டர் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 5000 சுற்று ஓடுகிறது என்றால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மூச்சிழுக்கும் கணக்கில், நிமிடத்துக்கு 3000 லிட்டர் காற்றை இழுக்கலாம். அந்த அறை பத்து நிமிடம் தாங்காது.

இழுக்கலாம் என்றுதான் சொன்னேன். உண்மையில் சாதாரண எஞ்சின் எதுவும் தன் சிலிண்டரை முழுக்க நிரப்பிக்கொள்வதில்லை. ஃபில்டர், திராட்டில், வளைந்து வளைந்து போகும் குழாய், அரை விரற்கடை திறந்து மூடும் வால்வு என்று வழியெல்லாம் தடை. கொள்ளளவில் 80, 90 சதவீதம் நிரம்பினால் பெரிது. காற்று கனமாக இருந்தால் அதே மூச்சில் அதிகம் கிடைக்கும். லேசாக இருந்தால் குறையும். எங்கள் ஊரிலிருந்து முள்ளுக்குறிச்சி போய் அங்கிருந்து கொல்லிமலை ஏறலாம். காரவள்ளிப் பக்கமிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். மலைமேல் சுமார் 1000 மீட்டர் போனதும் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. டர்போ இல்லாத பழைய வண்டி மேலே போகப் போகத் திணறுவதற்கு ஏற்றம் மட்டும் காரணமில்லை, மூச்சும் குறைகிறது. சமவெளியிலும் இதைக் காணலாம்: சித்திரை உச்சி வெயிலில் 40 டிகிரிக் காற்றைவிட மார்கழி விடியலின் 18 டிகிரிக் காற்று 7 சதவீதம் அடர்த்தி கூடியது. விடியற்காலையில் வண்டி துள்ளலாக ஓடுகிறது என்று பால்காரர் சொன்னால் நம்பலாம்.

சோழவரம் முதல் செட்டிபாளையம் வரை

தமிழ்நாட்டில் எஞ்சினைப் பந்தயத்துக்கு ட்யூன் செய்யும் வேலை புதிதல்ல. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. போர் முடிந்தபின் அதுவே நாட்டின் பேர்பெற்ற கார் பந்தயத் தளமாயிற்று. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. வெளிநாட்டு உதிரிபாகம் ஒன்று வரவழைப்பதே பெரும்பாடாக இருந்த காலம். சந்தையில் கிடைத்த ஃபியட், ஹெரால்டு போன்ற குடும்ப வண்டிகளைத்தான் பிரித்து, அறுத்து, தேய்த்து, பந்தயத்துக்குக் கொண்டுபோனார்கள். பிறகு 1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தளம் வந்தது.

கோயம்புத்தூரின் பங்கு தனி. பம்பும் மோட்டாரும் செய்யும் ஊரில் லேத்துக்கும் வார்ப்புக்கும் பஞ்சமில்லை. லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவர்தன் மாருதி 800இன் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சினை எடுத்து, குழாய்ச் சட்டத்தில் பொருத்தி, ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் காராக 1988இல் ஃபார்முலா மாருதியைக் கொண்டுவந்தார். நாற்பது குதிரைத்திறனை எட்டாத எஞ்சின். ஆனால் உட்காருபவரைச் சேர்த்தாலும் வண்டிக்கு அதிக எடை இல்லை. விலையும் நடுத்தரக் குடும்பத்துப் பையன் கனவு காணக்கூடிய விலை. இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநராக 2005இல் களமிறங்கிய கோவைக்காரர் நாராயண் கார்த்திகேயன் முதலில் பந்தயம் ஓட்டியது ஃபார்முலா மாருதியில்தான். கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். கோவையை ஒட்டிய செட்டிபாளையத்தில் உள்ள 2.1 கிலோமீட்டர் பந்தயத் தளம் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அவர் பெயரில் நிற்கிறது. எஞ்சினின் சக்தியைக் கூட்டுவதற்கு முன் வண்டியின் எடையைக் குறை என்பதை இந்த நாட்டுக்குச் செய்து காட்டியவர் என்றே நான் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

நாயனமும் புகைக்குழாயும்

வெளியூர்க்காரர்கள் நாமகிரிப்பேட்டை என்ற பெயரை மஞ்சளுக்கு முன்பே கேள்விப்பட்டிருப்பது நாயனத்தால். அந்தப் பெயரைப் பரப்பியவர் நாயனக் கலைஞர் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன். கல்யாண வீட்டிலும் கோயிலிலும் அவருடைய இசைத்தட்டு ஓடாத அதிகாலை எங்கள் பக்கம் அபூர்வம். இந்த ஊரில் உட்கார்ந்து எஞ்சினைப் பற்றி எழுதும்போது நாயனத்தைத் தொடாமல் போக முடியாது. ஊர்ப்பாசத்தால் மட்டும் சொல்லவில்லை. பந்தய எஞ்சினின் புகைக்குழாய்க்கும் நாயனத்துக்கும் இயற்பியல் ஒன்றே.

நாயனத்தில் ஊதும்போது சீவாளியின் இரண்டு நாக்குகளும் திறந்து திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு திறப்பிலும் ஒரு சிறு காற்றழுத்தம் நாயனத்தின் குழாயான உலவுக்குள் பாய்கிறது. அந்த அழுத்த அலை குழாயின் வாய்க்கோ, திறந்திருக்கும் துளைக்கோ போய்ச் சேர்ந்ததும் முழுதாக வெளியேறிவிடுவதில்லை. ஒரு பகுதி திரும்பி வருகிறது. திரும்பிய அலைதான் அடுத்து எப்போது திறக்க வேண்டும் என்று சீவாளிக்குச் சொல்கிறது. குழாய் நீளமானால் அலை போய்வர நேரம் ஆகும், ஸ்ருதி இறங்கும். குட்டையானால் சீக்கிரம் திரும்பும், ஸ்ருதி ஏறும். அதனால்தான் நீளமான பாரி நாயனம் கீழ் ஸ்ருதியிலும் குட்டையான திமிரி மேல் ஸ்ருதியிலும் பேசுகின்றன.

எஞ்சினில் சீவாளியின் இடத்தில் இருப்பது எக்ஸாஸ்ட் வால்வு. அது திறந்ததும் சிலிண்டரில் அடைபட்டிருந்த சூடான வாயு ஓர் அழுத்த அலையாகக் குழாயில் பாய்கிறது. இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. திறந்த முனையை அடைந்த அழுத்த அலை, திரும்பி வரும்போது தலைகீழாகிறது. தள்ளும் அலையாகப் போனது இழுக்கும் அலையாக வருகிறது. எக்ஸாஸ்ட் வால்வு மூடப்போகும் தறுவாயில், காற்று நுழையும் இன்டேக் வால்வு லேசாகத் திறக்கத் தொடங்கியிருக்கும். இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் அந்த இடைவெளியை ஓவர்லாப் என்கிறார்கள். இழுக்கும் அலை சரியாக அந்த நேரத்தில் வந்து சேர்ந்தால், சிலிண்டரின் மூலையில் தங்கிய பழைய புகையை உறிஞ்சி வெளியே எடுப்பதோடு, புதுக்காற்றையும் உள்ளே இழுத்துவிடுகிறது. பிஸ்டன் இழுக்கத் தொடங்கும் முன்பே காற்று நகரத் தொடங்கிவிடும். நன்றாக ட்யூன் செய்த பந்தய எஞ்சின், டர்போ எதுவும் இல்லாமலே, தன் கொள்ளளவைவிடக் கூடுதலாகக் காற்றை நிரப்பிக்கொள்வது இந்த வித்தையால்தான். 

ஆனால் நேரம் தப்பக்கூடாது. எண்ணில் பார்ப்போம். 75 சென்டிமீட்டர் நீளக் குழாயில் அலை போய்வர ஒன்றரை மீட்டர். சூடான புகையில் ஒலியின் வேகம் நொடிக்கு 550 மீட்டர் அளவு. ஆக 2.7 மில்லி நொடியில் அலை திரும்பிவிடும். எஞ்சின் 6000 சுற்றில் ஓடும்போது ஒரு சுற்றுக்கு 10 மில்லி நொடி. அலை திரும்புவதற்குள் கிராங்க் கால் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே நகர்ந்திருக்கும். அதே எஞ்சினை 3000 சுற்றில் ஓட்டினால் ஒரு சுற்றுக்கு 20 மில்லி நொடி. அலை வேண்டிய நேரத்துக்கு முன்பே வந்து, மூடிய இடத்தில் மோதி, மறுபடி போய், இரண்டாம் முறை திரும்பும்போது தள்ளும் அலையாக வந்து நிற்கும். உதவ வந்ததே தடையாகிவிடும். ஆகவே ஒரு குழாய் ஒரு வேகத்துக்குத்தான் ஸ்ருதி சேர்ந்திருக்கும். பந்தய எஞ்சினில் நான்கு சிலிண்டருக்கும் நான்கு தனிக் குழாய்கள், அத்தனையும் ஒரே நீளத்தில், குடல்போல் வளைந்து நெளிந்து வந்து ஒன்றாகச் சேர்வதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக வளைத்ததில்லை. அருகிலுள்ள சிலிண்டரின் குழாயும் தூரத்துச் சிலிண்டரின் குழாயும் ஒரே ஸ்ருதியில் பேச வேண்டும் என்பதற்காக.

பைக்கின் சைலன்சரைக் கழற்றிவிட்டு வெறுங்குழாயோடு பறக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல ஆசை. சத்தம் பெரிதானால் வலிமை கூடியதாக அர்த்தமில்லை. நீளம் மாறினால் அலையின் நேரம் மாறும். ஊருக்குள் ஓடும் வேகத்தில் இருந்த இழுவையும் போய்விடலாம். நாயனத்தின் முனையை அறுத்துவிட்டு வாசித்தால் என்ன கேட்குமோ அதுதான்.

காற்று நுழையும் பக்கத்திலும் இதே கதை. பந்தய எஞ்சினின் கார்புரேட்டர்மேல் வாய் விரிந்த சிறு குழாய்கள் நிற்கும், நாயனத்தின் அணசுபோல. மொட்டையாக வெட்டிய குழாயின் விளிம்பில் நுழையும் காற்று சுவரை விட்டு விலகிச் சுழல்கிறது. விரிந்த வாயில் வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது.

கேமும் ஹெட்டும்

வால்வு எப்போது திறக்கும், எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதைத் தீர்மானிப்பது கேம்ஷாஃப்ட்டின் முட்டை வடிவ மேடுகள். மேட்டை அகலமாக்கினால் வால்வு கூடுதல் நேரம் திறந்திருக்கும், உயர் வேகத்தில் காற்று தாராளமாக வரும். விலை என்னவென்றால், மெதுவாக ஓடும்போது எஞ்சின் விட்டு விட்டு இருமும். பந்தயக் கார் நிற்கும்போது தடதடவென்று தடுமாறிக்கொண்டிருப்பது பழுதால் அல்ல. அதன் கேம் அந்த வேகத்துக்குப் பிறந்ததே இல்லை.

சிலிண்டரின் மூடியான ஹெட்டின் அடிப்பக்கத்தை லேத்தில் சீவி, காற்று அமுங்கும் இடத்தைக் குறைப்பது பழைய நாளைய மலிவான வித்தை. கம்ப்ரஷன் விகிதம் 10இலிருந்து 12 ஆனால், ஏட்டுக் கணக்கில் எஞ்சினின் திறன் 60 சதவீதத்திலிருந்து 63 ஆகிறது. நடைமுறையில் இதைவிடக் குறைவாகத்தான் கையில் கிடைக்கும். அதற்கு மேல் சீவினால் வேறு ஆபத்து தொடங்குகிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வேகத்தைக் கூட்டினாலும் வலிமை கூடும்தான். 6000 சுற்றில் பிஸ்டன் ஒவ்வொன்றும் நொடிக்கு 200 முறை நின்று திரும்புகிறது. 7000 சுற்றாக்கினால் கனெக்டிங் ராடு தாங்க வேண்டிய இழுவிசை ஆறில் ஒரு பங்கு கூடுவதில்லை. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப 36 சதவீதம் கூடுகிறது. ராடு எஞ்சின் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வருவது இந்தக் கணக்கை மறந்தால் நடப்பது.

ஊதிவிடும் காற்று

எஞ்சின் தானாக இழுக்கும் காற்று போதவில்லையா, அழுத்தி ஊதிவிடு. டர்போவின் யோசனை இதுதான். ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூக்கி 1905இலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். வீணாகப் போகும் புகையின் விசையால் ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றவைத்து, அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்குவது. சிறிய கார் டர்போக்களில் அந்த அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டி, இரண்டு லட்சம்வரை சுற்றுகிறது. எங்கள் நாமக்கல் மாவட்டத்தில் இதை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. லாரியின் முகப்பிலேயே டர்போ என்று எழுதியிருக்கும். திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகளின் கம்ப்ரசரை ஓட்டும் டீசல் எஞ்சின்களும் டர்போவில்தான் மூச்சு விடுகின்றன.

காற்றை அமுக்கினால் அது சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்த கை பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 35 டிகிரிக் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு ஒரு சாதாரண டர்போ அமுக்கினால் அது 130 டிகிரி அளவுக்குச் சூடாகி வெளிவரும். சூடான காற்று லேசானது. அமுக்கியதன் பலனில் ஒரு பங்கு அங்கேயே கரைந்துவிடும். அதனால்தான் வழியில் இன்டர்கூலர் வைக்கிறார்கள். ரேடியேட்டர்போலவே இருக்கும், உள்ளே ஓடுவது தண்ணீருக்குப் பதில் காற்று.

சூட்டால் வரும் பெரிய கேடு வேறு. மெக்கானிக்குகள் இதை எஞ்சின் தட்டுது என்பார்கள். முறையாக எரியும்போது, பிளக் போட்ட பொறியிலிருந்து தீ ஓர் எல்லைக்கோடுபோல் பரவிக்கொண்டே போகும், வைக்கோல் போரில் ஒரு பக்கம் வைத்த தீ மறுபக்கம் போவதுபோல. கலவை அளவுக்குமீறிச் சூடாகியிருந்தால், தீ வந்து சேரும் முன்பே மூலையில் இருக்கும் கலவை தானாகவே ஒரே நொடியில் வெடிக்கும். அந்த அதிர்வுதான் டக் டக் என்று கேட்பது.

அந்தச் சத்தம் ஏன் பிஸ்டனைக் கொல்கிறது? சிலிண்டருக்குள் தீயின் சூடு 2000 டிகிரிக்கு மேல். பிஸ்டன் செய்த அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். ஆனாலும் பிஸ்டன் பிழைத்திருக்கிறது. அதன் மேல் பரப்பை ஒட்டி அசையாமல் தங்கும் மெல்லிய வாயுப் படலம் ஒன்று போர்வைபோல் காக்கிறது. எஞ்சின் தட்டும்போது எழும் அதிர்வலை அந்தப் போர்வையைக் கிழித்துவிடுகிறது. அப்படிப்போன ஒரு பிஸ்டனைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். விளிம்பில் அம்மி கொத்தியதுபோல் பொடிப்பொடிக் குழிகள். ஓரிடத்தில் அலுமினியம் மெழுகாக இளகி, ரிங் உட்காரும் பள்ளத்தோடு சேர்ந்து போயிருந்தது. நகத்தால் தடவினால் குழிகள் மணல்தாள்போலச் சொரசொரத்தன. எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்தது என்று நினைத்தேன். சில நிமிடங்கள் போதுமாம்.

இதைத் தடுக்க மூன்று வழிகள் உண்டு. காற்றைக் குளிர்விப்பது ஒன்று. எளிதில் தானாக வெடிக்காத, ஆக்டேன் எண் கூடிய பெட்ரோலை ஊற்றுவது இன்னொன்று. நம் பெட்ரோல் பங்க்குகளில் சாதாரண பெட்ரோலைவிட ஆக்டேன் எண் கூடியது, சில இடங்களில் 100 வரை கிடைக்கிறது. மூன்றாவது, பொறி போடும் நேரத்தைச் சரிசெய்வது. கலவை எரிந்து முடியச் சற்று நேரம் பிடிக்கும் என்பதால், பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே பொறியைப் போட்டுவிட வேண்டும். 6000 சுற்றில் கிராங்க் 30 டிகிரி பாக்கி இருக்கும்போதே போட்டால், உச்சிக்கு இன்னும் 0.8 மில்லி நொடிதான். தாளம் விழும் முன்பே பாட்டைத் தொடங்குவதை அதீத எடுப்பு என்பார்கள் அல்லவா, அதேதான். முந்தினால் வலிமை, அளவுக்குமீறி முந்தினால் தட்டல். இப்போதைய கார்களில் இந்த நேரத்தையும் பெட்ரோல் அளவையும் ஒரு சிறு கணினி கட்டம் கட்டமான அட்டவணையைப் பார்த்து முடிவு செய்கிறது. ரீமேப் என்று விளம்பரம் செய்வது அந்த அட்டவணையின் எண்களைத் திருத்துவதைத்தான். லேத்தில்லை, ஸ்பேனரில்லை, ஒரு லேப்டாப் போதும். அதனாலேயே அரைகுறையாகக் கற்றவர் கையில் அது மிக ஆபத்தானது. கம்பெனிக்காரர் அந்த எண்களில் விட்டுவைத்திருந்த இடைவெளி சோம்பலால் விட்டதல்ல. மட்டமான பெட்ரோல், மே மாத வெயில், அடைத்த ரேடியேட்டர் மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தாலும் எஞ்சின் பிழைக்கட்டும் என்று விட்டது.

கோவையில் திருத்திய எஞ்சின்

இத்தனையும் தெரிந்தவர்கள் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்குக் கோவையிலேயே சான்று உண்டு. பந்தய வீரரும் பொறியாளருமான ஜே. ஆனந்தின் ஜேயம் ஆட்டோமோட்டிவ்ஸ் நிறுவனமும் டாடா மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து, 2018 அக்டோபரில் டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபி என்று இரண்டு கார்களை வெளியிட்டன. சின்னக் குடும்பக் காருக்குள் நெக்ஸானின் 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினைத் திருத்திப் பொருத்தியிருந்தார்கள். பானெட்டில் காற்றுத் துளைகள், தாழ்த்திய சஸ்பென்ஷன், நெருக்கிய கியர் விகிதங்கள். டியாகோ ஜேடிபி 100 கிலோமீட்டர் வேகத்தை 9.95 நொடியில் எட்டும் என்று அறிவித்தார்கள்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு இரண்டு எண்கள். அன்றைய நெக்ஸானில் அந்த எஞ்சின் 110 குதிரைத்திறன், 170 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. ஜேடிபியில் 114 குதிரைத்திறன், ஆனால் முறுக்குவிசை 150. வேகக் காருக்கு ட்யூன் செய்கிறவர்கள் முறுக்குவிசையைக் குறைப்பார்களா?

ஸ்பேனரைப் பிடித்துத் திருகும் பலம்தான் முறுக்குவிசை. அந்தப் பலத்தோடு நிமிடத்துக்கு எத்தனை முறை திருகுகிறோம் என்பதைச் சேர்த்தால் குதிரைத்திறன். குதிரைத்திறன் முறுக்கையும் சுற்றையும் பெருக்கி வருவதால், முறுக்கு கொஞ்சம் குறைந்தாலும் அதை உயர்ந்த சுற்றுவரை தளராமல் பிடித்து வைத்திருந்தால் குதிரைத்திறன் கூடும். கியரை நெருக்கிவைத்தால் சக்கரத்துக்குப் போகும் முறுக்கை அங்கே ஈடுகட்டிக்கொள்ளலாம். கியர்பாக்ஸும் கிளட்ச்சும் டிரைவ் ஷாஃப்ட்டும் தாங்க வேண்டியது முறுக்கைத்தான், குதிரைத்திறனை அல்ல. பெரிய வண்டியின் எஞ்சினைச் சின்ன வண்டியில் வைக்கும்போது அந்த 20 நியூட்டன் மீட்டரை விட்டுக்கொடுத்ததில் எனக்கு அனுபவம் தெரிகிறது. எஞ்சினை மட்டும் பார்க்காமல் சக்கரம்வரை பார்த்தவர்கள் எடுத்த முடிவு. 2020இல் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிகள் வந்தபோது இந்த இரண்டு கார்களும் நின்றுபோயின. இன்னும் சில ஆண்டுகள் ஓடியிருக்க வேண்டியவை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

இதற்கு நேர்மாறான கோடியும் உண்டு. 1980களில் ஃபார்முலா ஒன்னில் பிஎம்டபிள்யூ 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர் டர்போ எஞ்சினோடு இறங்கியது. அதன் பிளாக் சாலையில் ஓடும் காரின் எஞ்சினிலிருந்து வந்தது. 1983இல் நெல்சன் பீகே அதில் உலகப் பட்டம் வென்றார். 1986வாக்கில் தகுதிச் சுற்றுக்கென்று டர்போ அழுத்தத்தை ஏற்றியபோது அது ஆயிரம் குதிரைத்திறனைத் தாண்டியது. ஒன்றரை லிட்டரில் ஆயிரம்! சில சுற்றுகள் ஓடி முடித்ததும் அந்த எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். ஆயுளை விற்று வாங்கிய குதிரைகள்.

நம் சாலையில் ஓட்டுகிறவர் ஆயுளை இப்படி விற்க முடியாது, பிறருடையதை விற்கவே கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டம்போல மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் அப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ராசிபுரம் – ஆத்தூர் சாலையில் பள்ளிவிடும் நேரத்தில் நின்று பார்த்தவன் என்ற முறையில் இந்தச் சட்டத்தை நான் மனதார ஏற்கிறேன். எஞ்சினைக் கூட்டினால் பிரேக்கையும் டயரையும் கூட்ட வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. அதையெல்லாம் சோதிக்கும் இடம் செட்டிபாளையமும் இருங்காட்டுக்கோட்டையும்தான். பணம் கட்டி, ஹெல்மெட் போட்டு, அங்கே ஓட்ட வழி இருக்கிறது.

வேலை தெரிந்தவர் தன் வேலையை எப்படிச் சரிபார்க்கிறார் என்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். முழு வேகத்தில் ஓட்டி, அந்த வேகத்திலேயே எஞ்சினை அணைத்து, வண்டியை உருட்டி நிறுத்தினார். பிளக் ஸ்பேனரால் நான்கு பிளக்குகளையும் கழற்றி, சூடு ஆறுவதற்குள் பழைய துணிமேல் வரிசையாக வைத்தார். உள்ளே நடந்த அத்தனையும் பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மூக்கில் எழுதியிருக்கும். கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் கூடுதல். வெளுத்துச் சுண்ணாம்பாக இருந்தால் பெட்ரோல் போதாமல் சூடேறியிருக்கிறது. பொடிப்பொடியாக மினுமினுக்கும் புள்ளிகள் ஒட்டியிருந்தால் அது பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம், தட்டல் தொடங்கிவிட்டது. மூன்று பிளக்குகள் இளம்பழுப்பாக, மெருகேற்றாத மஞ்சளின் தோல் நிறத்தில் இருந்தன. நான்காவதை மட்டும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நுனி ஓர் இழை வெளுத்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கழற்ற ஆரம்பித்தார்.